கண்டங்கத்திரிக்குப் போன காலை

அக்கா தரையில் முதுகைச் சாய்த்து ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தவள், வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரைப்பு வந்தால் அவளால் படுக்க முடியாது. அவள் வீட்டுக்காரர் பொன்னுவேல் மாமா அவள் முதுகோடு தன் முதுகை ஒட்டி உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்தால் அவள் சரிந்துவிடுவாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. செவ்வாய்க்கிழமை முப்பதாக இருந்தது. எண்ணியதால் ஒரு பயனும் இல்லை. சேலத்தில் மூன்று வருடம் தாவரவியல் படித்ததில் எனக்கு நன்றாக வந்தது எண்ணுவதும் எழுதி வைப்பதும்தான். பேசுவது வரவில்லை.

எனக்காகப் பேசியது எல்லாம் அக்காதான். ராசம்மாள் என்று பெயர். என்னைவிட ஆறு வயது பெரியவள். கல்லூரியில் சேரப் போன அன்று விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னலில் என் பெயரைக் கேட்டார்கள். என் வாய் திறப்பதற்குள் அவள் ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னாள்.

"மாதம்மாள்னு எழுதிக்கங்க. பேச்சு வருமுங்க, கொஞ்சம் நேரமாவும். அது வரைக்கும் என்னையக் கேளுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய்மொழித் தேர்வு நாளில் அவள் எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு மலைமேல் எங்கள் ஊரான வாழவந்தியிலிருந்து சேலம் வரை என்னோடு வந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நின்று, கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து வாயை அசைத்துக் காட்டினாள். பேசு, பேசு. நான் பாதிக்குத்தான் பதில் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பொரிகடலை வாங்கிக் கொடுத்தாள்.

செடிகளைப் பறித்துப் பழைய பேப்பரில் அழுத்தி உலர்த்தும் வேலை எனக்கு இருந்தது. கல்லூரிக்கு ஐம்பது செடி கொடுக்க வேண்டும். அக்காதான் செடியை அழுத்தும் பலகையைத் தூக்கி வந்தாள். மாடு தின்கிற செடிக்கெல்லாம் மெத்தை விரித்துப் படுக்கப் போடுகிறாள் என் தங்கச்சி என்று வழியில் பார்ப்பவர்களிடம் சொன்னாள். அந்த ஐம்பதில் கண்டங்கத்திரியும் உண்டு. அதைப் பறிக்கும்போது எனக்கு முள் குத்தியது. அவள் என் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு, மீதியைத் தானே பறித்தாள்.

ஒவ்வொரு மார்கழியிலும் அவளுக்கு இரைப்பு வரும். காப்பிப் பழம் பறிக்கும் காலம். அதிகாலைப் பனியில் நனைந்த செடிகளுக்குள் நுழைந்து நிற்க வேண்டும். இரண்டாம் நாள் அம்மா கண்டங்கத்திரிக் கசாயம் வைப்பாள். மூன்றாம் நாள் அக்கா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பல வருடங்களாக அப்படித்தான். அது வேலை செய்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதில் என்ன சத்து இருக்கிறது, அது மூச்சுக்குழலை எப்படித் தளர்த்தக்கூடும் என்று ஒரு புத்தகத்தில் படித்து அவளுக்கே சொல்லியும் இருக்கிறேன். அவ்வளவு பெரிய பேரா அதுக்கு என்று கேட்டாள்.

அந்த வருடம், எண்பத்தைந்தில், காய்ந்த சரக்கைப் போட்டு வைத்த கசாயம் கேட்கவில்லை. செவ்வாய் ஒரு தடவை, புதன் இரண்டு தடவை கொடுத்தாயிற்று. மழையில் மண் சரிந்து ஒரு வாரமாக பஸ் இல்லை. ஜீப் மட்டும் எப்படியோ போய்வந்தது. புதன் பிற்பகல் பொன்னுவேல் மாமா எஸ்டேட்டுக்கு நடந்து போய்க் கணக்கு எழுதும் ரைட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். விடிந்ததும் ஜீப்பை அனுப்புவதாக ரைட்டர் சொன்னாராம். ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் இறங்கிவிடும் என்றும் சொன்னாராம்.

அம்மாவுக்கு ஜீப்பில் நம்பிக்கை இல்லை. போன வருடம் ஒரு பிரசவத்துக்கு அனுப்புவதாகச் சொன்ன ஜீப் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் வந்தது. வந்தால் வரட்டும், அதற்குள் பச்சை வேரோடு செடியைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றாள். வேரோடு எடுப்பது என்றால் முறையாக எடுக்க வேண்டும்.

முறை இதுதான். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் செடியிடம் போய், தண்டில் மஞ்சள் நூல் கட்டி, யாருக்காக, எந்த நோய்க்காக என்று அதனிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எடுக்க வேண்டும். இரும்பு படக்கூடாது. ரத்த உறவுதான் எடுக்க வேண்டும். வீட்டுப்படி இறங்கியதிலிருந்து திரும்பிப் படி ஏறும் வரை பேசக்கூடாது. இதை வாய்க்கட்டு என்பார்கள். நாக்குக்குக் கீழே ஒரு மிளகை வைத்து அனுப்புவார்கள். வாய் திறந்து பேசினால் மிளகு விழுந்துவிடும், அல்லது கடிபட்டுவிடும். முழு மிளகாகத் திரும்பி வந்தால் அதைத்தான் கசாயத்தில் முதலில் தட்டிப் போடுவார்கள். பேசிவிட்டால் அது மருந்து இல்லை, வெறும் முள்செடி. கையில் மஞ்சள் நூலோடு போகிறவரை எங்கள் ஆட்கள் யாரும் கூப்பிட மாட்டார்கள். பாதையிலிருந்து இறங்கி வழி விடுவார்கள். கூப்பிட்டாலும் மருந்து கெட்டுவிடும்.

நான் இதை நம்பியதில்லை. அக்காவுக்கு அது தெரியும். அதனால்தான் வியாழக்கிழமை காலை நான் கிளம்பும்போது என்னைக் கிட்டே கூப்பிட்டாள். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு எடுத்தாள்.

"இந்த ஒரு தடவ படிப்ப ஓரமா வெச்சுரு கண்ணு. வாயக் கட்டிட்டுப் போயிட்டு வா. பேசாம இருக்கறதுக்கு உன்னைய விட்டா ஊர்ல யாரு இருக்கா?"

மாமா முதுகுக்குப் பின்னால் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாகிவிட்டது.

பாதைக்குப் போய் ஜீப்புக்காக நிற்கட்டுமா என்று மாமா அம்மாவைக் கேட்டார். நீ நகர்ந்தால் இவளை யார் பிடிப்பது, டிரைவருக்கு வாய் இல்லையா, கேட்டுக்கொண்டு வருவான் என்றாள் அம்மா. பிறகு என் நாக்குக்குக் கீழே மிளகை வைத்தாள். மணிக்கட்டில் நூலைக் கட்டினாள். தூறல் இருந்ததால் உரச்சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்து என் தலையில் கொங்காடையாகக் கவிழ்த்தாள். முகம் பாதி அதற்குள் போய்விட்டது. எனக்கு அது பிடிக்கும்.

எங்கள் பக்கத்துக் காப்பி நிழலில் கண்டங்கத்திரி வராது. அதற்கு வெயில் வேண்டும். வெள்ளக்கடைப் பக்கம் போகும் பாதைக்குக் கீழே ஒரு கல்லாங்காடு இருக்கிறது. அங்கேதான் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். நாற்பது நிமிட நடை.

மஞ்சு இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் தண்டில் கட்டிவிட்டு வந்த மஞ்சள் நூல் நனைந்து கறுத்திருந்தது. செடியில் நான்கு பூக்கள் இருந்தன. ஊதா இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தப்பை. மூன்று காய்கள், பச்சையில் வெள்ளை வரி. எழுதி வைக்கும் பழக்கத்தில் மனம் தானாக இதையெல்லாம் எண்ணியது. பிறகு மூங்கில் குச்சியால் வேரைச் சுற்றித் தோண்டினேன். ஈர மண், சுலபமாக வந்தது. தண்டில் முள், இலைக்கு மேலே முள், இலைக்குக் கீழே முள், காய்க்காம்பிலும் முள். அடித்தண்டைப் பிடித்து இழுத்தபோது ஒரு முள் ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே ஆழமாக ஏறியது. ரத்தம் வந்தது. தாவணியைச் சுற்றிக்கொண்டேன். வேர் அறாமல் முழுதாக வந்துவிட்டது. அதை வாழைச்சருகில் சுருட்டி இடுப்பில் அணைத்துக்கொண்டு ஏறினேன்.

பாதை பிரியும் இடத்துக்கு வந்தபோது ஜீப் சத்தம் கேட்டது. மேல் பாதை எங்கள் வீடுகளுக்குப் போகிறது. கீழ்ப் பாதை மஞ்சக்குட்டைப் பக்கம் போகிறது. ஜீப் பிரிவில் வந்து நின்றது. விளக்கு என் மேல் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். பொன்னுவேல் ஊடு எந்தப் பக்கமுங்க என்று கேட்டார். நான் நின்றேன். ஏனுங்க, உங்களத்தான், பறிக்கிற பொன்னுவேலு, சம்சாரத்துக்கு இரைப்புன்னு சொன்னாங்க என்றார். நான் நின்றேன். மூன்றாவது தடவை குரலை உயர்த்திக் கேட்டார். காது கேக்காதுங்களா என்றும் கேட்டார்.

கை காட்டியிருக்கலாம். வாயைத்தான் கட்டியிருந்தார்கள், கையை அல்ல. ஒரு கை செடியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை சும்மா இருந்தது. அதைத் தூக்க என்னால் முடியவில்லை. மேல் பாதையில் பழைய சக்கரத்தடம் இருக்கிறது, பார்த்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் எதையோ முணுமுணுத்துவிட்டுக் கியரைப் போட்டார். ஜீப் கீழ்ப் பாதையில் இறங்கியது. பின்விளக்கின் சிவப்பு மஞ்சுக்குள் கொஞ்ச தூரம் தெரிந்தது. கத்தினால் கேட்கும் தூரம். அப்போது மணி ஆறு ஐம்பது.

வீட்டுப்படி ஏறியதும் அம்மா உள்ளங்கையை நீட்டினாள். மிளகைத் துப்பினேன். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழுசா இருக்குது என்று அக்காவிடம் காட்டினாள். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். என் பிள்ளை பாஸாயிட்டா என்பது போல ஆட்டினாள். பேச முடியவில்லை.

ஜீப் வந்ததா என்று மாமா கேட்டார். வழியில் பார்த்தாயா என்று என்னிடம்தான் கேட்டார். நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். இல்லை என்பது போலத் தலையசைத்தேன்.

கசாயம் இறக்கியபோது ஏழேமுக்கால். அக்கா மூன்று மடக்கு குடித்தாள். நான்காவது மடக்கு வாயோரம் வழிந்தது. உதடு நீலமாக இருந்தது. நகமும் நீலம். நான் மறுபடி எண்ணினேன். மூச்சு குறைந்திருந்தது. முப்பது, இருபத்தாறு. அம்மா அதைப் பார்த்து மருந்து பிடிக்கிறது என்றாள். அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எட்டு இருபதுக்கு, முதுகில் பாரம் கூடிவிட்டதென்று மாமா சொன்னார். திரும்பிப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. நீ பாரு மாதம்மா என்றார்.

ஐம்பத்துநான்கு மணி இருபது நிமிடத்துக்குப் பிறகு அக்காவைப் படுக்க வைத்தோம்.

ஜீப் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. டிரைவர் ஏற்காட்டுக்காரர், ஆரோக்கியதாஸ் என்று பெயர். எஸ்டேட்டில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எங்கள் பக்கம் அவர் வந்ததே இல்லை. மஞ்சக்குட்டைப் பக்கம் நெடுந்தூரம் போய், விழுந்து கிடந்த மரத்தில் சிக்கி, ஆள் பிடித்து மரத்தை நகர்த்தி, விசாரித்துத் திரும்பியிருக்கிறார். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் வண்டியிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கித் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பிரிவில் ஒரு பெண் நின்றாள், கேட்டேன், சொல்லவில்லை என்று மாமாவிடம் சொன்னார். மாமா அவர் சட்டையைப் பிடித்தார். நான் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். தலையில் சாக்கு இல்லை. அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் நான் பேசவில்லை. அதை யாரும் விசேஷமாக நினைக்கவில்லை. விரல் வீங்கியது. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டும்போதெல்லாம், நீ ஒரு குறையும் வெக்கல சாமி, அவ விதி என்றாள். அந்த வார்த்தையை அவள் சொல்லும்போதெல்லாம் விரல் துடித்தது.

அக்காவின் பறிக்கும் கூடை வாசல் பக்கம் ஆணியில் தொங்கியது. அடியில் நான்கு பழங்கள் கறுத்துப்போய் ஒட்டியிருந்தன. மாமா அதை எடுக்க விடவில்லை. அவர் இன்னும் சுவரில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராக, பின்னால் யாரோ இருப்பது போல.

எஸ்டேட்டில் என்ன நடக்கிறது என்பது அவ்வப்போது காதில் விழுந்தது. டிரைவர் குடித்துவிட்டு வழி தவறிவிட்டான் என்று மாமா எழுதிக் கொடுத்திருந்தார். உண்மையில் ஆரோக்கியதாஸ் குடிப்பவர்தான். வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிட்டார்கள். பதினொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பாவையும் மாமாவையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். சாட்சியாக அந்தப் பெண்ணைக் கூட்டி வா என்று ரைட்டர் ஆரோக்கியதாஸிடம் சொன்னாராம். எங்கே போவார். ஒவ்வொரு லைன் வீடாகப் போய், உரச்சாக்குப் போட்ட பொம்பளை யாருங்க என்று கேட்டுக்கொண்டு திரிந்தாராம். உரச்சாக்கு இல்லாத வீடு மலையில் ஏது? அவரைப் பார்த்தாலே பெண்கள் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு, நானா பாருங்க, நானா பாருங்க என்று கேலி செய்தார்களாம்.

பதினொன்றாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் இலையில் உட்காரும் நேரத்தில் அவர் வந்தார். நடந்து வந்திருந்தார். கால் முட்டி வரை சேறு. வாசலுக்கு வெளியே நின்றார். யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

பெரியப்பா சின்னன் எங்கள் ஆட்களில் பெரியவர். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. அவர்தான் எழுந்து போனார். என்ன என்று கேட்டார். வேலைக்காக வரவில்லை என்றார் ஆரோக்கியதாஸ். அந்தப் பெண் யார் என்று தெரிந்தால் போதும் என்றார். தூக்கம் வரவில்லை, ஒருவேளை நான் அப்படி யாரையும் பார்க்கவே இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றார்.

"நான் குடிப்பேனுங்க. இல்லீன்னு சொல்லல. அன்னைக்குக் குடிக்கலீங்க. என் புள்ள மேல ஆணை."

"மஞ்சுக்குள்ள ஒரு பாறை நின்னுருக்கும்," என்றார் பெரியப்பா. "அதுகிட்டப் போயி வழி கேட்டுருக்க. பாறை என்ன சொல்லுச்சு?"

இலையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"பாறை கொங்காடை போடுங்களா?" என்றார் ஆரோக்கியதாஸ். "கைல என்னமோ சருகுல சுருட்டி வெச்சிருந்துதுங்க. விரல்ல ரத்தம். துணி சுத்தியிருந்துச்சு."

நான் சாம்பார் வாளியோடு நின்றிருந்தேன். அம்மா என் கையைப் பார்த்தாள். கட்டு அப்படியே இருந்தது. அவள் உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. நானும் சொல்லாவிட்டால் அவர் திரும்பி நடந்து போய்விடுவார். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் தெரியாது. சேற்றுக் காலோடு ஒரு மனிதர் இறங்கிப் போவார்.

வாளியைக் கீழே வைத்தேன்.

"அது நான்தானுங்க," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. இலையில் கை எல்லாம் நின்றது. ஆரோக்கியதாஸ் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு பெரிய மூச்சு விட்டார். அப்போ நான் பார்த்தேனுங்க, பார்த்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மாமா எழுந்து வந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள். அவள் மாமாவிடம் பேசவில்லை, பெரியப்பாவிடம் பேசினாள். பிள்ளை வாய்க்கட்டில் இருந்தது, மருந்து எடுத்துக்கொண்டு வந்தது, எப்படிப் பேசும் என்றாள்.

வாய்க்கட்டு என்ற சொல் விழுந்ததும் எல்லாம் மாறிவிட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. மாமாவின் கை இறங்கியது. ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். அக்காவுக்காக ஜீப்பே வந்து நின்றும் வாயைத் திறக்காத பிள்ளை என்று இன்னொருவர் சொன்னார். புகழ்ந்துதான் சொன்னார். பெரியப்பா மட்டும் ஆரோக்கியதாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்தன தடவ கூப்பிட்ட?"

"மூணு தடவைங்க."

"கைல மஞ்ச நூல் கட்டிட்டு மருந்து கொண்டு வர்ற பிள்ளைய, குறுக்க வண்டிய நிறுத்தி, மூணு தடவ கூப்பிட்டிருக்க. அப்புறம் அந்த மருந்து எப்புடிக் கேக்கும்?"

வழி தவறியதைவிட இது பெரிய குற்றம். எல்லார் முகத்திலும் அது தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் அவர் குடிகாரர். இப்போது அக்காவைக் கொன்றவர்.

அவருக்கு அந்த முறை தெரியாது. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார், அவர் நான்கு வார்த்தையில் சொன்னார். கேட்டு முடித்ததும் ஆரோக்கியதாஸ் எங்கள் வாசல் கல்லில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரியாதுங்க," என்றார். "எங்க ஆளுங்ககிட்ட அந்த மாதிரி இல்லீங்க. வழிதானுங்க கேட்டேன். நான் கேட்டதாலயா அந்தப் புள்ள..."

அவர் அதை நம்பிவிட்டார். மறுத்துப் பேசுவார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோள் குலுங்கியது. மாமா அவரைப் பார்த்தபடி நின்றார். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பதினொரு நாளில் முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் ஆறியிருந்தது. மகள் சாகக் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் வெளியூர்க்காரர். உள்ளே யார் மேலும் குற்றம் இல்லை.

நான் கூடையைப் பார்த்தேன். எனக்காகப் பேச அங்கே யாரும் இல்லை.

"அவரு கூப்புட்டதால மருந்து கெடல பெரியப்பா."

"நீ சும்மா இரு கண்ணு," என்றாள் அம்மா.

"அதுக்கு முன்னாலயே கெட்டுப் போச்சும்மா. கல்லாங்காட்டுலயே மிளகு கீழ விழுந்துருச்சு. தேடி எடுத்துத் தொடச்சு மறுபடி வாயில போட்டுக்கிட்டேன். அவரு வந்து கேட்டப்ப எனக்கு வாய்க்கட்டே கிடையாது. சொல்லியிருக்கலாம். அவருகிட்டப் பேசினா கெட்டுப் போனது நெசமாயிரும்னு பயந்துகிட்டு நின்னேன்."

அம்மாவின் கை என் தலையில் நின்றுவிட்டது. எடுக்கவும் இல்லை.

"யாருகிட்டப் பேசின?" என்றார் பொன்னுவேல் மாமா. "அங்க யாரு இருந்தா?"

"யாருமில்லீங்க மாமா. முள்ளு குத்துச்சு. அக்கான்னு கூப்பிட்டேன்."